பழைய பேய், புதுப் பேய், ஒற்றைச் செருப்பு

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்" என்று ஒரு சொலவடை உண்டு. எங்கள் பக்கத்தில் இதைக் கல்யாணமான பெண்ணிடம்தான் சொல்வார்கள். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் பேய் என்ற வார்த்தையே வரக்கூடாது. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் பாம்பைக்கூடப் பூச்சி என்றுதான் சொல்வோம். அப்படிப்பட்ட ஊரில், பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்னால், என் மகள் அந்த வார்த்தையை வாய் நிறையச் சொன்னாள்.

வந்திருந்தவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர்கள். பையனும் அவருடைய அம்மாவும் மட்டும். அப்பா இல்லை. பையன் பஜாரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். நாங்கள் ராஜபாளையம். வீட்டுக்காரர் மில்லில் பிட்டர். நான் பேண்டேஜ் துணி மடித்துப் பாக்கெட் போடும் கம்பெனிக்குப் போகிறவள். மகள் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள்.

அதற்கு முன் வந்த இடங்களை எல்லாம் மகள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. இதையும் தட்டிவிடாதே தாயி என்று முதல் நாளே கெஞ்சினேன்.

"நான் ஒண்ணே ஒண்ணுதாம்மா பாக்கேன்" என்றாள். "பயந்தா பயந்துட்டேன்னு சொல்ற ஆளா இருக்கணும். லேபுக்கு வர்ற ஆம்பளைக ஊசியப் பாத்ததும் வேர்த்து வடியுதாக. என்ன அண்ணே, பயமான்னு கேட்டா, ஃபேன் ஓடலைங்காக. தலைக்கு மேல ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அந்த மாதிரி ஒருத்தரோட காலம் பூரா இருக்க முடியாதும்மா."

இதை எப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பது? ஜாதகத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

ஆக, வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தம்பி தரையில் ஒரு டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்து டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சே எழும்பவில்லை. பையனுடைய அம்மாதான் பொறுக்கமாட்டாமல் என் மகளிடம் கேட்டார்.

"பொழுது கெடைச்சா என்ன செய்வ தாயி?"

"படம் பாப்பேன் ஆன்ட்டி."

"என்ன படம்?"

"பேய்ப் படம்."

என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. அந்தம்மா நெற்றியில் திருநீறு, கழுத்தில் ருத்திராட்சம். எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"பழசா, புதுசா?"

"ரெண்டும்தான். ஆனா புதுசுதான் நல்லாருக்கும்."

"அதெப்பிடிச் சொல்லுத நீ? பேயின்னா வெள்ளைச் சேலை கட்டி, மல்லியப்பூ வச்சு, கொலுசுச் சத்தத்தோட, பாட்டுப் பாடிக்கிட்டே வரணும். பாத்தா பயமாவும் இருக்கணும், கூப்பிட்டு ஒரு வாய்க் காப்பி குடுக்கலாமான்னும் இருக்கணும். இப்ப வர்றதெல்லாம் என்னது? தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, செவுத்துல பல்லி மாதிரி ஊருது. ஒரு மரியாதை கெடையாது."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் பழைய பேய்க் கட்சிதான். எங்கள் கம்பெனிப் பெண்கள் எல்லாம் சேர்ந்து மேட்னிக்குப் போன காலத்தில், பங்களா மாடியில் பேய் நடந்து வரும். கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். எங்கள் வரிசையில் மட்டும் ஒருத்தி, "ஏட்டி, அது சேலையில்ல, நம்ம பேண்டேஜ் துணி. நெசவு எம்புட்டு லூசா இருக்கு பாரு" என்பாள். இன்னொருத்தி, "கஞ்சியும் பத்தலை" என்பாள். நாள் பூராவும் வெள்ளைத் துணியை மடிக்கிற கைகள் அல்லவா. எங்களைப் பயமுறுத்த அந்தப் பேய் ரொம்பவே பாடுபட வேண்டியிருந்தது. இருந்தாலும் பயந்தோம். அதுதான் அந்தப் படங்களின் சாமர்த்தியம். ஒரு மெழுகுவத்தி, ஒரு சன்னல், தானாக ஆடும் ஒரு சாய்வு நாற்காலி. இதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் இருக்காது. உச்சி வெயிலில் படம் பிடித்து, கறுப்பாக்கி, ராத்திரி என்பார்கள். பேய் நடக்கும்போது கூடவே நிழலும் நடக்கும். அதையும் நம்பினோம்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அந்தம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். "காலு மட்டும் தரையில பாவாது. அதான் அடையாளம்" என்றார். "ஆமா ஆமா" என்றேன்.

மகள் விடவில்லை. "உங்க படத்துல பேயே கெடையாது ஆன்ட்டி. கடைசி ரீலுல பாத்தா, சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பா ஒருத்தரு ஆள் வச்சுச் சேலையச் சுத்தி விட்டுருப்பாரு. போலீஸ் ஜீப்பு வரும், எல்லாரும் சிரிப்பாக, சுபம்."

அந்தத் தம்பி முதல்முறையாகத் தலையை நிமிர்த்திச் சிரித்தார். ஆனாலும் பேசவில்லை. கிளம்பும்போது அந்தம்மாதான் சொன்னார்: "ஒரு புதுப் பேய்ப் படம் ஓடுதாம்ல, இங்கன ராஜபாளையத்துல? எல்லாருமாப் போவோம். இவ சொல்லுத புதுப் பேயத்தான் நானும் பாக்கேன். அதுக்குப் பொறவு பிள்ளைக ரெண்டும் சொல்லட்டும்."

பெண் பார்த்த கையோடு பேய்ப் படத்துக்குப் போன குடும்பம் எங்கள் தெருவில் நாங்கள் ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கு அதே யோசனை. பேண்டேஜ் மடிக்கும்போதெல்லாம் மகள் சொன்னது மனதில் ஓடியது. பழைய படத்தில் பேய் பொய், பயம் நிஜம். புதுப் படத்தில் பேய் நிஜம். அதைப் பார்த்து ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறார்கள். பங்களாவில் குடியிருந்த பேய் இப்போது அடுக்குமாடிக்கு வந்துவிட்டது, லிப்டில் ஏறுகிறது, செல்போனில் கூப்பிடுகிறது. மகள் ஒரு நாள் தன் போனில் ஒன்றைக் காட்டினாள். வாஷிங் மெஷின் கதவுக்கு உள்ளே இருந்து ஒரு முகம். அதன்பின் எங்கள் வீட்டு மெஷினுக்கு நான் முதுகைக் காட்டியது இல்லை.

இன்னொன்றும் தோன்றியது. நடுவில் கொஞ்ச காலம் அம்மன் படங்களாக வந்தன. கொட்டகை வாசலில் வேப்பிலை கட்டியிருப்பார்கள். திரையில் அம்மன் கண்ணைத் திறந்தால், நாலு வரிசை தள்ளி ஒருத்தி ஆட ஆரம்பித்துவிடுவாள். அந்தப் படங்களில் ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடக்கும், கேட்க நாதி இருக்காது, அம்மன் வந்து கேட்பாள். இப்போது வருகிற பேய்ப் படங்களில் அந்த அநியாயத்தைச் செத்தவளே திரும்பி வந்து கேட்கிறாள். அம்மன் செய்த வேலையைப் பேய் எடுத்துச் செய்கிறது. சூலத்துக்குப் பதில் நகம், அம்புட்டுதான் வித்தியாசம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்குப் புதுப் படங்களின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. பெண்ணென்றால் பேயும் இரங்கும் என்பார்கள். பேயே பெண்ணாக இருந்தால் யார் இரங்குவது என்று இப்போதுதான் சினிமாக்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது போல.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. ஓரத்து சீட்டில் அந்தத் தம்பி, அடுத்து என் வீட்டுக்காரர், நான், அந்தம்மா, அந்தப் பக்கம் மகள். படம் ஒரு தையல்காரப் பெண்ணைப் பற்றியது. புகுந்த வீட்டில் அவளைக் கொன்று, ஊரை விட்டு ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லிவிடுகிறார்கள். அவளுடைய தையல் மிஷின் மட்டும் மதியத்தில் தானாக ஓடுகிறது. பட்டப்பகலில் பேய். விளக்கு மினுக்குகிறது, மிஷின் தடதடக்கிறது, சத்தம் நெஞ்சுக்குள்ளேயே தைக்கிறது. அந்தம்மா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. "என்னத்தா இது, காதுக்குள்ள வந்துல்ல மிஷின் போடுதா" என்றார். என் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். மில் சத்தத்தில் வேலை பார்த்தவருக்கு அது தாலாட்டு.

இடைவேளையில் அந்தத் தம்பி எல்லோருக்கும் பப்ஸும் டீயும் வாங்கிவந்தார். மகள் டீயை வாங்கிக்கொண்டே கேட்டாள்: "பயந்தீகளா?"

"சேச்சே. லைட்டு மினுக்குதுல்ல, அது லோ வோல்டேஜ். எங்க கடையில தெனமும் பாக்கதுதான். மிஷின் தானா ஓடுறது ஷார்ட் சர்க்யூட்டாக்கூட இருக்கும்."

"அது கால் மிதி மிஷின்" என்றாள் மகள்.

அவர் பப்ஸைக் கடித்தார். மகள் டீயை ஆற்றத் தொடங்கியவள் ஆற்றிக்கொண்டே இருந்தாள், நிமிரவே இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. ஃபேன் ஓடலை என்று சொல்லிவிட்டார் தம்பி. போச்சு. இந்த இடமும் போச்சு.

அதனால் மறுபாதியை நான் பாதி மனதோடுதான் பார்த்தேன். தொடங்கியதுமே கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு கை வந்து, தொங்கிக்கொண்டிருந்த காலைப் பிடித்தது. கொட்டகையே கத்தியது. பேயை ஓட்டுவதற்கு ஒரு வயதான கோடாங்கி அம்மாவைக் கூட்டி வந்தார்கள். எலுமிச்சம்பழம் அறுப்பாள், சாட்டையால் அடிப்பாள் என்று பார்த்தால், அவள் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தையல் மிஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "ஒனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டாள்.

மிஷின் நின்றது. அத்தனை நேரம் இருந்த சத்தம் எல்லாம் நின்றது. பேய் அழுதது.

அந்தம்மா என் காதில் மெல்லச் சொன்னார்: "பழைய படத்துல யாரும் இப்பிடிக் கேக்கலையே."

பிறகு, "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் கேக்கல. நான் அடுப்படியில இருந்தேன், தேதி குறிச்சுட்டாக" என்றார். நான் அவருடைய கையை அழுத்தினேன். என்னைக் கேட்டார்களா என்று எனக்கே நினைவில்லை. ஒரு பேயிடம் கேட்கிறார்கள், பாருங்கள். அந்த ஒரு இடத்துக்காக அந்தப் படத்தை எடுத்தவருக்குக் கோயில் கட்டலாம். மெழுகுவத்தியை வைத்துப் பயமுறுத்தினவர்களும் பெரிய ஆட்கள்தான். ஆனால் இவர் பேயையே உட்காரவைத்துப் பேசிவிட்டார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் தூக்கத்தில் இருந்தார். அந்தத் தம்பி மட்டும் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னலே, எந்திரி. அடுத்த ஆட்டத்துக்கும் இருக்கப் போறியா?" என்றார் அந்தம்மா.

"செருப்பக் காணோம்மா."

ஒரு செருப்பு சீட்டுக்கு அடியில் கிடந்தது. இன்னொன்றைக் காணவில்லை. மகள் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வந்தாள். நாலைந்து வரிசைக்குக் கீழே, யாரோ எத்தி, யாரோ மிதித்து, முறுக்குப் பேப்பர்களுக்கு நடுவில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் வெளிச்சத்தை நிறுத்திக்கொண்டு கேட்டாள்:

"எப்படிக் கழண்டுச்சு?"

அவர் அம்மாவைப் பார்த்தார். வெறும் திரையைப் பார்த்தார். பிறகு என் மகளையே பார்த்துச் சொன்னார்.

"கட்டிலுக்கு அடியில இருந்து கை வந்துச்சுல்ல. அப்பத் தூக்குன காலுங்க. பொறவு கீழ வைக்கவே இல்ல. இடைவேளைக்கு முந்தியும் பயந்துட்டுத்தான் இருந்தேன். லோ வோல்டேஜுன்னது சும்மா. எனக்குத்தான் வோல்டேஜ் இறங்கிப் போச்சு."

மகள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, டார்ச் வெளிச்சம் மேலும் கீழும் ஆட, சிரித்துக்கொண்டே இருந்தாள். இத்தனை இடம் வந்துபோனதில் நான் அவளிடம் பார்க்காத சிரிப்பு அது.

அந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப எம் மவன் காலும் தரையில பாவலை. பழைய கணக்குப்படி பாத்தா இவந்தான் பேயி" என்றார். சொன்ன வேகத்தில் மகள் பக்கம் திரும்பி, "ஏத்தா, பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும். தெரியும்ல?" என்று கேட்டும்விட்டார். கேட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல. நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் சொல்லக்கூடாத சொலவடை.

நான் மகளைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய், பாத்திரம் துலக்கும்போது மெதுவாகக் கேட்கலாம் என்று ஒரு கேள்வியை வைத்திருந்தேன்.

"அதுக்கென்ன, ஏறிருவோம் அத்தை" என்றாள் மகள்.

அத்தை. பெண் பார்க்க வந்த நாளில் இருந்து இடைவேளை டீ வரைக்கும் அந்தம்மா அவளுக்கு ஆன்ட்டிதான். அந்தம்மா என் தலையில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்தார். மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு படி இறங்கிச் செருப்பை எடுக்கப் போனார். மகள் அவருக்கு முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டே போனாள்.

நான் வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "படம் முடிஞ்சிருச்சா?" என்றார்.

"முடிஞ்சிருச்சு. எந்திரிங்க, மண்டபம் பாக்கணும்" என்றேன்.