முத்திரைக்காரரின் தட்டு வழக்கு

கையில் ஒரு மீட்டர் கோல் கிடைத்துவிட்டால் முத்திரைக்காரர் முதலில் அதன் இரண்டு நுனிகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். எண்களெல்லாம் அப்புறம். நுனி தேய்ந்த கோல் என்ன சொன்னாலும் நம்பக் கூடாது என்பது அவர் கட்சி. துணிக்கடையில் மனைவி திரைச்சீலைக்குத் துணி புரட்டிக்கொண்டிருப்பார். இவர் கடைக்காரரின் கோலை வாங்கி ஒற்றைக் கண்ணருகே பிடித்து, நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். இவர் தலையைக் கண்டதும் சில கடைகளில் கோலை மேசைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். கோலில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. வியாபார நேரத்தில் அரை மணி பாழாகும், அவ்வளவுதான்.

எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் என்னவோ இன்னும் ஓயவில்லை. ஊரில் உள்ள தராசுகளுக்கும் எடைக்கற்களுக்கும் கோல்களுக்கும் வருஷம் தவறாமல் முத்திரை குத்திய கை அது. பெயர் அப்படி வந்ததுதான். மற்றவர்கள் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி வைத்திருப்பார்கள், இவர் எஃகு அளவுநாடா வைத்திருக்கிறார். வீட்டில் இவருக்கும் மனைவிக்கும் தீராத தகராறு 'கொஞ்சம்' என்ற சொல்லைப் பற்றியது. டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது என்று அந்த அம்மாள் சொன்னால், கொஞ்சம்னா எவ்வளவு என்று கேட்பார். "நீங்க பேசுறதுல கால்வாசி" என்று பதில் வரும். அப்படிப் பார்த்தால் அது கொஞ்சமே இல்லை.

இப்படிப்பட்டவரிடம் போய், வேகமாக ஓடும் கோல் நீளத்தில் சுருங்கும் என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? சொன்னவர் அவருடைய மாப்பிள்ளை, கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். கல்யாணமான புதிது. மாமனாரும் மருமகனும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, பேச விஷயம் தீர்ந்துபோய், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது பேசியாக வேண்டுமே என்று மாப்பிள்ளை சார்பியல் கோட்பாட்டை எடுத்துவிட்டார். கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஒரு கோல் ஓடினால், நின்று பார்க்கிறவனுக்கு அது நீளம் குறைந்துவிடும் என்றார். முத்திரைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சுருங்குதா, சுருங்கின மாதிரி தெரியுதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மாப்பிள்ளை. தெரியுதுன்னா அது கண் டாக்டர் கேஸ். சுருங்குதுன்னா அது என் கேஸ்."

அன்று தொடங்கியதுதான் தட்டு வழக்கு. ஒரு வட்டத் தட்டு அசுர வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோல்கள் நுனியோடு நுனி அடுக்கியிருக்கின்றன. மையத்திலிருந்து விளிம்பு வரைக்கும் அதே மாதிரி ஒரு வரிசை. விளிம்பில் உள்ளவை தங்கள் நீளத்தின் திசையிலேயே ஓடுவதால் சுருங்கும். மையத்திலிருந்து வருகிறவை பக்கவாட்டில் நகர்வதால் அவற்றின் நீளம் குறையாது. ஆகவே விளிம்பைச் சுற்றிவர முன்னைவிட அதிகக் கோல்கள் வேண்டும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல மூன்றே சொச்சம் மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு அங்கே செல்லாது. இது விரிவுரையாளர் கட்சி. முத்திரைக்காரர் கட்சி வேறு. கோல் ஓடுகிற அதே வேகத்தில்தானே விளிம்பும் ஓடுகிறது? இரண்டும் ஒரே அளவு சுருங்கினால் கோலின் எண்ணிக்கை எப்படி மாறும்? விளிம்பைச் சுருங்கவிடாமல் தட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னால், கோலுக்கு மட்டும் என்ன சலுகை என்று கேட்பார்.

இதே தட்டில் இயற்பியலின் பெரிய பெரிய தலைகளே வருஷக்கணக்கில் முட்டிக்கொண்டன, சுருக்கம் என்பது வெறும் தோற்றம்தான் என்று வாதாடியவர்களும் உண்டு என்று தெரிந்தபோது அவருக்கு ஏக சந்தோஷம். தனக்கும் ஆள் பலம் இருப்பதாக மனைவியிடம் போய்ச் சொன்னார். ஆள் பலம் இருக்கட்டும், கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி வாருங்கள் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

பிறகு மகளும் மருமகனும் பிரிந்தார்கள். யார்மீதும் பெரிய குற்றமில்லை. இருவரும் நல்லவர்கள்; சேர்ந்து வாழத்தான் வரவில்லை. விவாகரத்துக் கையெழுத்தெல்லாம் முடிந்து, மகள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். அவள் விட்டுப்போன துணிமணிகளை ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு விரிவுரையாளர் வாசலில் நின்றார். போய் வருகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உள்ளே வாங்க என்று சொல்ல இவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் முத்திரைக்காரர்தான் பேசினார்.

"அந்தத் தட்டு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் ஒத்துவரலை."

ஞாயிற்றுக்கிழமை வந்து விளக்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார் விரிவுரையாளர். வந்தார், விளக்கினார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். வழக்கு அப்படியே வாய்தா மேல் வாய்தாவாக இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தீக்குச்சி, வளையல், டப்பா மூடி எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கின. பக்கத்துப் போர்ஷன் தையல்காரருக்கு ஞாயிறு முழுவதும் "சுருங்குது", "சுருங்காது" என்பது மட்டும் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் அவர் பொறுக்கமாட்டாமல் வந்து, "ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டுட்டு அப்புறம் வெட்டுங்க சார், சுருங்கவே சுருங்காது" என்று இலவச ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார்.

இதில் முத்திரைக்காரருக்கு ஒரு சிக்கல் இருந்தது. மாப்பிள்ளை என்று கூப்பிட உறவு இல்லை. சார் என்றால் பேங்குக்கு வந்த மாதிரி இருக்கும். தம்பி என்று ஒருமுறை ஆரம்பித்துவிட்டு, தொண்டையைச் செருமி விழுங்கிவிட்டார். கடைசியில் எந்தப் பெயரும் சொல்லாமலே பேசப் பழகிக்கொண்டார்: வாங்க, உக்காருங்க, டீயை எடுத்துக்குங்க. விரிவுரையாளருக்கு அந்தக் கஷ்டம் இல்லை, மாமா என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஆனாலும் அந்தச் சொல் வரும்போது அவர் குரல் தாழ்ந்துதான் வரும்.

முத்திரைக்காரருக்கு அவரை நிரம்பப் பிடிக்கும். மகளை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, இந்த மனிதரை இழக்கவும் மனமில்லை. மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. அந்த அம்மாளுக்குத் தெரியாமலும் இல்லை. மகள் தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்து, வைக்கும் முன்பு, அவர் வந்தாரா என்று கேட்பாள். வந்தார், தட்டு இன்னும் முடியவில்லை என்பார் இவர். "முடிச்சுடாதீங்கப்பா" என்று ஒருமுறை சொன்னாள்.

போன மாதம் அது முடிந்துவிட்டது. எதிர்க்கட்சியை மடக்கப் போய்த்தான் அந்த வினை வந்தது. மனைவி சப்பாத்திக்குப் பிசைந்ததில் மிஞ்சிய மாவை வாங்கி, குச்சி குச்சியாக உருட்டி, ஒரு தட்டின் விளிம்பில் இடைவெளி இல்லாமல் சும்மா அடுக்கிவைத்தார். இது கோல். இன்னொரு தட்டின் விளிம்பில் மாவை ஒரே கயிறாக நீட்டி, சுற்றிலும் அழுத்தி ஒட்டிவைத்தார். இது விளிம்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே அளவுதானே என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு பிடி பிடிப்பதாகத் திட்டம். மொட்டைமாடிச் சுவர்மேல் வைத்தவர், கீழே யாரோ கூப்பிட்டார்கள் என்று போய் மறந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது மாவு காய்ந்திருந்தது. சும்மா கிடந்த குச்சிகள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குச் சுருங்கி, நடுவில் சந்து விட்டிருந்தன. சந்தை அடைக்க வேண்டுமென்றால் இன்னும் சில குச்சிகள் வேண்டும். ஒட்டியிருந்த வளையத்துக்கும் சுருங்க ஆசைதான், தட்டு விடவில்லை. இழுபட்டு, தாங்கமாட்டாமல், அங்கங்கே வெடித்திருந்தது. கட்டிப்போட்டது சுருங்க முடியாமல் தவிக்கும், கட்டாதது சுருங்கிக்கொள்ளும். இத்தனை வருஷமாக விரிவுரையாளர் தொண்டை வறளச் சொன்னது இதைத்தான். முத்திரைக்காரர் அளவுநாடாவை எடுத்து ஒவ்வொரு சந்தையும் அளந்தார். மனைவியை மாடிக்கே கூப்பிட்டுக் காட்டினார்.

"அப்போ அவர் சொன்னதுதான் சரியா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"நூத்துக்கு நூறு."

அந்த அம்மாள் வெடித்த வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இனிமே அவர் எதைச் சாக்கு வெச்சு வருவார்?" என்றார். பிறகு கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டார்.

முத்திரைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. வழக்கு முடிந்தால் வாய்தா இல்லை, வாய்தா இல்லாவிட்டால் அவர் வரவேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு இன்னும் புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னும் இரண்டு வருஷம் ஓட்டிவிடலாம். ஆனால் சொந்த மைத்துனர் கடை என்றும் பாராமல், தேய்ந்த எடைக்கற்களுக்கு முத்திரை போடாமல் திருப்பி அனுப்பியவர் இவர். அந்த மைத்துனர் வீட்டு நல்லது கெட்டதுக்கு அப்புறம் வெகுகாலம் அழைப்பே வரவில்லை. அப்போதுகூட அசராத மனிதர், இப்போது குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, புரியலை, புரியலை என்று சொல்லிப் பழகினார். வாய்க்குள் கூழாங்கல் கிடப்பது மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விரிவுரையாளர் வந்தார். டீ வந்தது. முத்திரைக்காரர் இரண்டு தட்டுகளையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். சொல்லிவிட்டு, "நீங்க சொன்னதுதான் சரி. இத்தனை நாளும் நான்தான் தப்பாப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். குரல் ஆய்வறிக்கை படிக்கிற குரலாக இருந்தது. கண் மட்டும் தரையைப் பார்த்தது.

ஜெயித்தவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. ஒரு தட்டைக் கையில் எடுத்து மாவுக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார்: கட்சி மாறிவிட்டார். மாவு காய்வதும் கோல் ஓடுவதும் ஒன்றாகாது என்றார். மாவிலிருந்து தண்ணீராவது போகிறது, இங்கே எதுவும் போவதில்லையே என்றார். நின்றிருக்கும் தட்டு சுழலத் தொடங்குகிற நேரத்தில் என்ன நடக்கிறது என்பது தனி வம்பு, அதை இன்னும் தொடவே இல்லை என்றார். பேசப் பேசக் குரல் வேகமெடுத்தது. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"அவ்வளவு சுலபமா ஒத்துக்காதீங்க மாமா. நீங்க கேட்டதுலயும் நியாயம் இருக்கு."

முத்திரைக்காரர் அன்று முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். இந்த மனிதரும் தன்னைப் போலவே பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. 

"இல்லை. சரின்னா சரிதான். தட்டு முடிஞ்சுது" என்றார். எழுந்து கையை நீட்டினார். "வண்டிச் சாவியைக் குடுங்க."

விரிவுரையாளர் ஒன்றும் புரியாமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையாக இருந்தபோது கேட்டுக்குள் விட்ட ஸ்கூட்டரை, பிரிவுக்குப் பிறகு அவர், விருந்தாளிகள் விடுவது போல, தெருவில் சுவரோரமாக நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வருவது. முத்திரைக்காரர் செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனார். பூட்டை விடுவித்து, ஸ்டாண்டை எடுத்து, மூச்சு வாங்க அதைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் வந்து, தன் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு திரும்பிப் போய்க் கேட்டைச் சாத்தித் தாழ் போட்டார்.