ஆத்தாவுக்கு நேர்ந்த ஒரு பொழுதும் என் கால் எலும்பும்

“கம்மஞ்சோறு தின்ன காலு, பட்டாளத்து பூட்ஸத் தாங்குமா பாப்பா? போன வேகத்துல திரும்பி வந்துடப் போற,” என்றார் பெரியப்பா. நான் ராணுவப் பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று, அரும்பாவூர் பஸ் நிறுத்தத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பலர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோற்றுத் திரும்பக் கூடாது என்று ஊர் மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டேன். பயிற்சி முடியும்வரை செவ்வாய், வெள்ளி ஒரு பொழுதுதான் சாப்பிடுவேன். ஆத்தா, நீ என்னைக் கரைசேர்க்க வேண்டும்.

ஐந்தாவது வாரத்தில் இடது கால் முன்னெலும்பில் வலி தொடங்கியது. முதலில் ஓடும்போது மட்டும் வலித்தது. பிறகு படுத்திருக்கும்போதும் வலித்தது. விரல் வைத்தால் ஒரே இடத்தில் சுரீர் என்றது. மருத்துவ அறைக்குப் போனால் பின்னால் வரும் அணிக்குத் தள்ளிவிடுவார்கள். அது ஊருக்குத் தெரிந்தால்? நான் போகவில்லை.

வலியை ஆத்தா வைக்கும் சோதனை என்று நினைத்தேன். நேர்த்திக்கடனைக் கூட்டினேன். தினமும் ஒரு பொழுது. மதியம் மட்டும் சாப்பிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு ஓடினேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ‘ஆத்தா, வலியை எடுத்துவிடு. இல்லையென்றால் யாருக்கும் தெரியாமல் வை.’ இதுதான் என் பிரார்த்தனை.

பக்கத்துக் கட்டில் கயல்விழி தா.பழூர்க்காரி. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஏன்டி நொண்டுற?”

“சுளுக்கு.”

“மூணு வாரமாவா? உன் சோத்தையும் எனக்கே தள்ளுற. நான் குண்டாயிட்டேன், நீ கருவாடா காஞ்சிட்ட.”

“வாய மூடிட்டு இரு கயலு.”

மறுநாள் சுமையோடு ஓடும் தேர்வு. அதற்கு முன்பே அவள் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டாள். இனி இவள் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று நினைத்தேன்.

காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் மயிரிழை விரிசல். தமிழ் தெரிந்த மருத்துவர் ஒருவர் மாதவிலக்கு வருகிறதா என்று கேட்டார். இரண்டு மாதமாக வரவில்லை. அதையும் வசதி என்றே நினைத்திருந்தேன்.

“இன்னிக்கு ஓடியிருந்தா முழுசா ஒடைஞ்சிருக்கும்மா. ஓய்வில்லாம ஒரே எடத்துல அடி விழுது. சாப்பாடும் இல்ல, அதான் மாதவிலக்கும் நின்னுடுச்சு. எலும்பு எத வச்சுத் தன்னைச் சரிபண்ணிக்கும்?”

மருத்துவ விடுப்பில், ஊன்றுகோலோடு அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினேன். அப்பா பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அம்மா கோயிலில் பொங்கல் வைத்து, ஆத்தா முன்னால் என்னை உட்காரவைத்து வயிறு நிறையச் சாப்பிட வைத்தாள். “நேந்தத இத்தோட முடிச்சாச்சு. ஆத்தா உன்னைப் பட்டினி போட்டு என்னடி பண்ணப் போறா?” என்றாள். பூசாரி திருநீறு பூசினார். அங்கேதான் எனக்குப் புரிந்தது. யாருக்கும் தெரியாமல் வை என்று கேட்டேன். ஆத்தா அதை மட்டும் தரவில்லை. கயலின் வாயைத் திறந்துவிட்டாள். என் கால் இன்று என்னிடம் இருப்பது அதனால்தான்.

என் அணி பயிற்சி முடித்து, நானில்லாமலே உறுதிமொழி எடுத்தது. அந்த விழாப் படத்தை இரண்டு நாள் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு கயலைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். குளிர்ந்தால் அந்த இடம் இன்னும் வலிக்கிறது. முழுப் பயிற்சியையும் தாங்குவேனா என்று தெரியாது.

இதைப் படிக்கும் ஆத்தாவின் பிள்ளைகளே, பயிற்சிக்காக ஓடும் தங்கைகளே, அவளை நம்புங்கள். ஆனால் வலியை மறைத்துவிட்டு வேண்டாதீர்கள். சாப்பிடுங்கள், ஓய்வெடுங்கள், வலி வந்த முதல் வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அவள் உதவி பல நேரம் மனிதர் வடிவில்தான் வருகிறது. நான் அதைத் துரோகம் என்று நினைத்தேன்.

எலும்பு கூடிய பிறகு, போன திங்கட்கிழமை புதிய அணியில் சேர்ந்துவிட்டேன். ஒரு நாள் ஓட்டம், மறுநாள் நடை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று நடக்கும் நாள். மற்ற பெண்கள் என்னைக் கடந்து ஓடினார்கள். நான் நடந்தேன்.