ஊஞ்சலுக்கு நான் கொடுத்த புகார்

என் மகளுக்கு இருபது வயது. பேச்சு வராது. கூட்டம், இரைச்சல், புது இடம் எதுவும் ஆகாது. ஆகிற ஒன்று, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் பூங்காவின் ஊஞ்சல். மாலை ஐந்து மணிக்குத் தன் செருப்பையும் என் செருப்பையும் கதவருகே வைத்துவிட்டு நிற்பாள். கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஜுரு தொழிற்சாலையிலிருந்து பாலத்து நெரிசலைத் தாண்டி நான் எந்தக் கோலத்தில் வந்தாலும் போயே ஆக வேண்டும். அரை மணி நேரம் ஆட்டிவிட்டால் அன்று அவளும் தூங்குவாள், நானும் என் மனைவியும் தூங்குவோம்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஊஞ்சலின் கொக்கி ஒன்று தேய்ந்திருந்தது. படம் எடுத்து, பூங்காவைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குக் கைப்பேசியிலேயே புகார் அனுப்பினேன். குழந்தைகளுக்குப் பேராபத்து என்று கண் காது மூக்கு வைத்து எழுதினேன். அப்படி எழுதினால்தான் அசைவார்கள் என்று ஒரு கெட்டிக்காரத்தனம்.

அசைந்தார்கள். மூன்றாம் நாள் லாரி வந்தது. நான் மாடியிலிருந்து ஓடி இறங்குவதற்குள் இரண்டு ஊஞ்சல்களையும் கழற்றி ஏற்றிவிட்டு, சிவப்பு வெள்ளை நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கொக்கி மட்டும்தானே தம்பி? ஏன் எல்லாத்தையும் கழட்டுறீங்க?"

"ஆபத்துன்னு கம்ப்ளேன் வந்திருச்சுலா, அண்ணே. புதுசு வரும்."

"எப்ப?"

"அது ஆபீஸ்லதான் தெரியும்."

கீழ்வீட்டு அக்கா என்னிடமே வந்து புலம்பினார். "எந்த வேலையத்தவன் கம்ப்ளேன் போட்டானோ. பிள்ளைங்க இனி எங்க போய் விளையாடும்?" நானும் சேர்ந்து தலையாட்டினேன். வெட்கங்கெட்டவன்.

மகள் மட்டும் செருப்பு வைப்பதை நிறுத்தவில்லை. தினமும் போய் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்து தன் கையையே கடிப்பாள். வேறு பூங்காவுக்கு அழைத்துப் போனோம். காரைவிட்டு இறங்கவே இல்லை. மாதங்கள் ஓடின. அலுவலகத்துக்குப் போன் செய்து கெஞ்சினேன், கத்தினேன். நடவடிக்கையில் இருக்கிறது என்றார்கள்.

ஒரு நாள் காலை, வேலையிடத்தில் இருக்கும்போது செய்தி வந்தது. புது ஊஞ்சல் பொருத்தியாகிவிட்டது, புகாரை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மிக்க நன்றி, முடித்துக்கொள்ளுங்கள் என்று உடனே பதில் போட்டேன்.

மாலையில் போனோம். நாடா இல்லை. தரையெல்லாம் மெத்தென்ற ரப்பர். ஊஞ்சல் இருக்கை இரண்டும் கூடை மாதிரி இருந்தன, கைக்குழந்தைகள் இரண்டு துளைகளில் காலை விட்டு உட்காரும் வகை. பேராபத்து என்று எழுதியவன் நான். விழவே முடியாத ஊஞ்சலாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். யாரைப் போய்த் திட்டுவது?

அவள் ஓடிப்போய் ஒரு காலை நுழைத்தாள். முழங்காலோடு நின்றுவிட்டது. உருவிவிட்டு மறுகாலை நுழைத்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அந்த இருக்கையின் மேல் வைத்தாள். வீட்டில் எது உடைந்தாலும் அப்படித்தான் செய்வாள். நான் சரிசெய்து கொடுத்துவிடுவேன்.

என் கையை அங்கே வைத்துவிட்டு, ஒதுங்கி நின்று காத்திருந்தாள்.