சரிங்க வெங்கடாசலம் கப்பல் ஏறிய கதை

பள்ளிபாளையத்தில் வெங்கடாசலம் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். சரிங்க வெங்கடாசலம் என்று கேட்டால்தான் சைசிங் மில் பாய்லர்காரர் வீட்டுக்குச் சரியாக வழி சொல்வார்கள். முப்பத்திரண்டு வருடம் அந்த மில்லில் பாய்லர் பார்த்தவர். கஞ்சி போட்ட நூலைக் காயவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு வெங்கடாசலம் வேண்டும் என்பது முதலாளியின் வாய்ப்பாடு. மீட்டர் முள் ஒரு நூல் நகர்ந்தாலும் அவருக்குக் காதில் கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் எதைப் பார்த்தாலும் இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்காமல் அவரால் நகர முடியாது என்பதில் துளிகூட மிகையில்லை. ஏடிஎம்மில் பணம் நிரப்ப வந்தவரிடம் விவரம் கேட்கப் போய், துப்பாக்கி வைத்திருந்த காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

யாராவது விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தலையை ஆட்டிக்கொண்டே "சரிங்க... சரிங்க..." என்பார். சம்மதம் என்று அதற்குப் பொருள் இல்லை. காது இங்கேதான் இருக்கிறது, மேலே சொல்லுங்கள் என்று பொருள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேச்சு இந்தச் சரிங்கவில்தான் ஓடுகிறது. ஊருக்குள் இருக்கும்வரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

ஒரே ஒரு முறைதான் அது வேலையைக் காட்டியது. அவர் பெண் பார்க்கப் போன அன்று. மாமனாராகப் போகிறவர் தோட்டத்தில் புதிதாகக் கம்ப்ரசர் மோட்டார் போட்டிருந்தார். காற்றை உள்ளே அனுப்பினால் தண்ணீர் எப்படி மேலே வருகிறது என்று மாப்பிள்ளை கேட்டுவிட்டார். பெண்ணின் தகப்பனாருக்குக் கேட்க வேண்டுமா? கையைக் காலை ஆட்டி விளக்கினார். இவர் சரிங்க சரிங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதே மூச்சில் அவர், "அப்பறம் தை ஏழாந்தேதி வெச்சுக்கலாமுங்களா?" என்றார். இவர், "சரிங்க" என்றார். கல்யாணம் முடிவாகிவிட்டது.

"என்னைக் கட்டிக்கறேன்னு இவரு சொல்லவே இல்லீங்க. எங்கப்பன் மோட்டாரைத்தான் சரின்னாரு" என்று ராசாத்தி ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லுவாள். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் பந்தி முடிந்து வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது அவள் முகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. வேண்டும் என்று ஒரு மனுஷன் வாய் திறந்து சொல்லாமலேயே ஒருத்தி முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்திவிட்டாள். அது உறுத்தாமல் இருக்குமா?

இப்போது கப்பலுக்கு வருவோம்.

மகள் சரிதா சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளுக்குச் சம்பளம் போக ஒரு தொகை சேர்ந்தாற்போல் வந்தது. அப்பா மில்லை விட்டு நின்றதற்கு மோதிரம் போடுவதா, கப்பலில் அனுப்புவதா என்று யோசித்தவள் கப்பலில் அனுப்புவது என்று முடிவு செய்தாள். சென்னைத் துறைமுகத்தில் வெள்ளி மாலை ஏறினால், கடலுக்குள் போய்ச் சுற்றிவிட்டு ஞாயிறு காலை இறங்கிவிடலாம். ஏற்றிவிட வந்த இடத்தில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாடம் எடுத்தாள்.

"அம்மா, டிக்கெட்லயே சாப்பாடும் ரூமும் சேந்துருச்சு. ஏழாவது மாடியில இருக்கற பெரிய சாப்பாட்டு ஹால் மட்டுந்தான் நம்மளுது. மத்த எங்க உக்காந்தாலும் காசு. ரூம்ல பிரிட்ஜுக்குள்ள இருக்கறதத் தொடாதீங்க. போனை ஏரோப்ளேன் மோடுல போட்டுருங்க, இல்லீனா கப்பல் டவரே ஆயிரக்கணக்குல புடுங்கிரும். தண்ணி பாட்டல ஹால்லயே ரொப்பிக்கங்க. இந்தக் கார்டுதான் ரூம் சாவி, இதேதான் பர்ஸு. இதுல எது ஏறுனாலும் என்ற கிரெடிட் கார்டுல வந்து நிக்கும்."

ராசாத்திக்குக் கடைசி வரிதான் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றது. டிக்கெட்டுக்கே பிள்ளை இவ்வளவு கொட்டியிருக்கிறாள். இதற்கு மேல் ஒற்றை ரூபாய் அவள் தலையில் ஏறக்கூடாது. இறங்கும்போது அந்தக் கார்டில் சைபர்தான் இருக்க வேண்டும். ராசாத்தி விசைத்தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் கூலியிலேயே வீட்டுச் செலவைப் பிடித்து நிறுத்தியவள். அவள் ஒன்று நினைத்துவிட்டால் நினைத்ததுதான்.

"அப்பா, யாரு என்ன கேட்டாலும் வேண்டாம்னு சொல்லோணும். புரிஞ்சுதா?" என்றாள் சரிதா.

"சரிங் கண்ணு" என்றார் வெங்கடாசலம். அவர் கண் அப்போது கப்பலைக் கட்டியிருந்த கயிற்றின் மேல் இருந்தது. அவ்வளவு பெரிய இரும்பை அந்தக் கயிறு எப்படிப் பிடிக்கிறது?

அறைக்குள் போனதும் ராசாத்தி முதல் வேலையாகக் குட்டி பிரிட்ஜின் கதவு திறக்காதபடி முன்னால் பெட்டியை நிறுத்தினாள். சோப்பு, தலைவலித் தைலம், காய்ச்சல் மாத்திரை எல்லாம் வீட்டிலிருந்தே வந்திருந்தன. கடைகள் இருந்த மாடியைத் தாண்டும்போதெல்லாம், புதிதாகச் சாணி மெழுகிய வாசலைத் தாண்டுகிறவள்போல ஓரமாக, வேகமாகப் போனாள். சாப்பாட்டு ஹாலில் மட்டும் நிதானமாக உட்கார்ந்தாள். அங்கே இட்லி முதல் ஐஸ்கிரீம் வரை இருந்தது. எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்துத் தின்று பார்த்து, சாம்பாரில் மட்டும் குறை சொன்னாள்.

வெங்கடாசலம் பூந்து விளையாடினார். இத்தனை ஆயிரம் பேர் குளிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? சமையல் புகை எந்த வழியாக வெளியேறுகிறது? எஞ்சின் ஓடுகிறதா என்று படிக்கட்டுக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வில் அவருக்குப் பாய்லர் அறை ஞாபகம் வந்து, சந்தோஷத்தில் முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் பிடித்து நிறுத்திக் கேட்டார். இந்த மாதிரி ஒரு பயணியை அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அதில் ஒருத்தர் கடைசியில் ஏதோ கேட்டு அவருடைய அறை எண்ணைக் குறித்துக்கொண்டார்; இவர், "சரிங்க" என்றார்.

மேல் மாடியில் குடை விளக்கு வைத்துப் படம் எடுக்கும் தூத்துக்குடி இளைஞன், அந்தக் குடை வெளிச்சத்தை எப்படி வாங்கித் தருகிறது என்று விளக்கிக்கொண்டே இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தான். எடுத்துவிட்டுப் பேச்சோடு பேச்சாக இன்னும் ஏதோ சொன்னான். ராசாத்தி அதற்குள் கடலைப் பார்க்கக் கம்பி ஓரம் போய்விட்டாள். வெங்கடாசலம், "சரிங்க" என்றார்.

நீராவிக் குளியல் அறை வாசலில் ஒரு வடநாட்டுப் பெண் நின்றாள். நீராவி என்ற வாசனை பட்டால் அவர் விடுவாரா? "ஸ்டீமு... பாய்லர் எங்கீங்க?" என்று சைகையில் கேட்டார். பாய்லர் எல்லாம் இல்லை, சின்னக் கரண்ட் பெட்டிதான் என்று அவள் கதவைத் திறந்து காட்டினாள். இட்லிக் குண்டா அளவுக்கு இருந்தது. அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் மரியாதைக்குத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கார்டைக் கேட்டாள். கொடுத்தார். பஸ்ஸில் பாஸ் காட்டுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டார்.

காபிக் கடையில் மீட்டர் முள் வைத்த இயந்திரம் இருந்தது. முள் எத்தனையில் நிற்க வேண்டும் என்று கேட்டார். சொல்லி முடித்துவிட்டு அவர்கள் ஒரு காபியை நீட்டினார்கள். அவர் முறைப்படி, "இருக்கட்டுங்க" என்று ஒரு தரம் மறுத்தார். மறுபடி நீட்டினார்கள். ஒரு வீட்டுக்குப் போய் விவரம் கேட்டுவிட்டுக் காபியை மறுத்தால் மரியாதையா? வாங்கிக்கொண்டார். இப்படி மூன்று தரம். ராசாத்தியிடம், "நல்ல மனுசங்க புள்ள. வர்றவங்களை என்னமா உபசரிக்கறாங்க" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

சனி மதியம் சாப்பிட்டுவிட்டு வந்ததும், சரிதா சொல்லிக் கொடுத்தபடி ராசாத்தி அறை டிவியில் கணக்கைப் பார்த்தாள். சைபரைப் பார்த்து நிம்மதியாக ஒரு தூக்கம் போடலாம் என்றுதான் பார்த்தாள். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் என்று இருந்தது.

"ஏனுங்க."

அந்தக் குரலை வெங்கடாசலம் கல்யாணமான இத்தனை வருடத்தில் இரண்டு தரம்தான் கேட்டிருக்கிறார். இரண்டு தரமும் நன்றாக முடியவில்லை.

"கப்பக்காரனுக எதையோ மாத்திப் போட்டுட்டானுகளாட்ட இருக்குது" என்றார்.

"படம், நீராவிக் குளியல் ரெண்டு பேத்துக்கு, காப்பி மூணு, என்னமோ டூராமா, அது ஒருத்தருக்கு. மாத்திப் போட்டவனுக்கு நீங்க காப்பி குடிச்சது எப்புடித் தெரியும்? இதுக்கெல்லாம் என்னன்னு சொன்னீங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலையே. சரிங்கன்னுதான..."

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தார். ராசாத்திக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அந்தப் புள்ள மூஞ்சியில எப்புடிங்க முழிக்கறது?" என்றாள். மகள் தலையில் பாரம் ஏற்றிய தகப்பன் என்ற எண்ணம் வெங்கடாசலத்தை உட்காரவிடவில்லை. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். ராசாத்தியும் கைப்பையை எடுத்துக்கொண்டு கூடவே போனாள்.

ஐந்தாவது மாடி வரவேற்பு மேசையில் சுகன்யா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் இருந்தாள். ஆத்தூர்க்காரி. நடந்ததை வெங்கடாசலம் ஆதியோடந்தமாகச் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணி குமாரபாளையம் ஐயா. அவங்க போன்ல அரைமணி நேரம் சரிங்க சரிங்கன்னே பேசுவாங்க. வச்சதுக்கப்புறம் கேட்டா, அதெல்லாம் முடியாதுன்னு சொல்லிட்டேன்பாங்க."

பக்கத்தில் இருந்த மேலாளருக்கு இதை அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். சரிங்க என்றால் சம்மதம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள் என்பதை அந்த மனிதர் இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். குடித்த காபி குடித்ததுதான். இன்னும் பயன்படுத்தாததை எல்லாம் நீக்கலாம். ஆனால் மறுபடி குழப்பம் வரக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் வேண்டுமா வேண்டாமா என்று பயணியே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

"சரிங்க சொல்லக்கூடாது ஐயா" என்றாள் சுகன்யா. "நீராவிக் குளியல்?"

முகத்துக்கு நேரே ஒருவரை மறுத்துப் பேசி வெங்கடாசலத்துக்குப் பழக்கமே இல்லை. "வே... வேண்டாமுங்க" என்றார். இட்லிக் குண்டாவை நினைத்துக்கொண்டதால் வந்துவிட்டது.

"அடுத்தது டூர். இன்னைக்கு ஆறு மணிக்கு. கப்பலோட பெரிய சமையல்கட்டு, துணி வெளுக்கற இடம், அங்க இருக்கற ஸ்டீம் மெஷின் எல்லாம் கூட்டிட்டுப் போயி காட்டுவாங்க."

கப்பலுக்குள் நிஜமான நீராவி அங்கேதான் இருந்திருக்கிறது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எத்தனை பிரஷர், எங்கிருந்து குழாய் வருகிறது, மீட்டர் யார் பார்க்கிறார்கள்? கேட்க நூறு இருந்தது. ராசாத்தி அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாமுங்க." இந்த முறை திக்கவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு வந்தது.

"கடைசியா போட்டோ. மொத்தம் அஞ்சு படம்" என்று சுகன்யா திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

நாலு படத்தில் இருவரும் விறைத்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தாவது படத்தில் வெங்கடாசலம் வாயைப் பிளந்துகொண்டு குடை விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராசாத்தி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தெரிய, கண் சுருங்க, கழுத்தைச் சாய்த்து. வீட்டுச் சுவரில் இருக்கும் கல்யாணப் படத்தில் அவள் இப்படிச் சிரிக்கவில்லை. கல்யாணத்தன்று காலையில்தான் யாரோ அவளிடம் மோட்டார் கதையைச் சொல்லியிருந்தார்கள்.

"அதும் வேண்டாம் கண்ணு, எடுத்துரு" என்றாள் ராசாத்தி.

சுகன்யா விரலைக் கொண்டுபோனாள்.

"வேணுமுங்க" என்றார் வெங்கடாசலம்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்தொன்பது வயதில் அந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில் அவருக்கே ஆச்சரியம். திரையைக் காட்டி இன்னொரு தரம் சொன்னார். "அந்தக் கடைசிப் படம் மட்டும் வேணும். இவ இப்புடிச் சிரிக்கறது எனக்கு வேணும். காசு புள்ள கார்டுல போவக்கூடாது. நானே ரொக்கமாக் கட்டறேன். கட்டலாமுங்களா?"

"கட்டலாம் ஐயா" என்றாள் சுகன்யா. காபிக்கும் ஒரு படத்துக்கும் சேர்த்துத் தொகையைச் சொன்னாள்.

அவர் சட்டைப் பையைத் துழாவினார். ஈரோடு ரயில் டிக்கெட் இரண்டும் ஒரு நூறு ரூபாயும்தான் இருந்தன. திருதிருவென்று முழித்தார்.

ராசாத்தி அந்தப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, ஆபத்துக்கு என்று கைப்பையின் உள்ஜிப்பில் வைத்திருந்த நோட்டுகளை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இதுபோக உங்க கார்டுல சைபர் ஆயிரும் அம்மா. படத்தைப் பெரிசாப் போட்டுரட்டுமா?" என்று கேட்டாள் சுகன்யா.

"சரிங்க" என்றாள் ராசாத்தி.

அது எந்தச் சரிங்க என்று யாரும் கேட்கவில்லை.