இரண்டாம் மெஷினின் சராசரி

"ஒங்க புரோகிராம் என் சோத்துல மண்ணள்ளிப் போடுது தம்பி!" செங் வட்டாரக் கையுறைத் தொழிற்சாலையில் லெட்சுமி அக்கா இப்படிச் சொன்னபோது எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த வருஷத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு நின்றவர், என் முதல் ஜாவா புரோகிராமையா குறை சொல்வது?

வேலை எளிது. ஷிப்டுக்கு ஒவ்வொரு மெஷினிலிருந்தும் பத்துக் கையுறைகளை நிறுத்து, எடையைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். தட்டத் தட்டத் திரையில் ரன்னிங் ஆவரேஜ், அதாவது அதுவரைக்குமான சராசரி, மாறும். முதல் மெஷின் சின்ன சைஸ், நாலு கிராம். அதை முடித்த பிறகுதான் அக்காவின் இரண்டாம் மெஷின். அது பெரிய சைஸ், எட்டு கிராம். ஆனால் மூன்று நாளாக அக்கா தட்டி முடித்ததும் திரை ஆறு என்றது.

சூப்பர்வைசர் மணியம் கத்தினார். "தெனமும் தப்புத் தப்பா தட்டுற! நாளையிலருந்து இந்த ஃபேக்டரி பக்கமே வராத!"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா," என்று நானும் ஒத்து ஊதினேன். அக்கா, எடைகளை எழுதி வைத்திருந்த தாளை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் தப்பை நிரூபிக்கவே காஜா பெராங்கில் என் வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அவர் எண்களை மட்டும் தட்டினேன். எட்டு. பார்த்தாயா, புரோகிராம் சரிதான்! பிறகு, தொழிற்சாலையில் செய்வதுபோல் முதல் மெஷினுக்குப் பத்து முறை நாலு என்று தட்டிவிட்டு அவருடையதைத் தட்டினேன்.

ஆறு.

புரோகிராமை வரிவரியாகப் படித்தேன். மெஷினுக்கு ஒன்றாகத் தனித்தனி ஆப்ஜெக்ட், அதாவது தனித்தனிக் கணக்கு, வைத்திருந்தேன். ஆனால் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் 'ஸ்டாட்டிக்' என்று எழுதித் தொலைத்திருந்தேன். அப்படி எழுதினால் அவை எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொது. இரண்டு மெஷினின் எடையும் ஒரே வாளியில் விழுந்திருக்கிறது! ஒரே மெஷினை வைத்துச் சோதித்த எனக்கு அது எப்படித் தெரியும்? அடப்பாவி, ஒருத்தர் வேலையைப் பறித்துவிட்டேனே!

காலையில் மணியத்திடம் ஒப்புக்கொண்டேன். அவர் சொன்னார்: "போ, நீயே போய்க் கூட்டிட்டு வா."

புக்கிட் காதிலில் அக்கா தன் வீட்டு வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"மன்னிப்பு கெடக்கட்டும் தம்பி. சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்க்கா. எட்டு வருது."

"என் மெஷின மொதல்ல தட்டி, அப்புறம் அந்த மொத மெஷின தட்டிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று தொழிற்சாலையில் அக்காவே அந்த வரிசையில் தட்டினார். எட்டு. பிறகு நாலு. அதற்கப்புறம்தான் கையுறை மாட்டிக்கொண்டு மெஷினுக்குப் போனார்.

இன்றும் எந்த கிளாஸ், அதாவது ஆப்ஜெக்டுகளுக்கான அச்சு, எழுதினாலும் இரண்டு ஆப்ஜெக்ட் வைத்து, வரிசையை மாற்றியும் சோதிக்காமல் யாரிடமும் கொடுப்பதில்லை. அந்தச் சோதனைக்கு நான் வைத்திருக்கும் பெயர் லெட்சுமி.