என் கோட்டு பிடித்த விரால்

பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது எனக்குப் போட்டியாக ஒரு பறவை இருந்தது. உத்தியோகத்தில் அல்ல, அசையாமல் உட்கார்ந்திருப்பதில். நான் ஆபீஸ் நாற்காலியில். அது ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்த பட்ட கிளையில். காலையில் உட்கார்ந்தால் இருவரும் மத்தியானம்வரை நகரமாட்டோம். ஒரே வித்தியாசம், அது எழுந்து போனால் மீனோடு திரும்பும். நான் எழுந்து போனால் காப்பி குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன்.

தோட்டத்தில் அதை மீன்பருந்து என்பார்கள். வானத்தில் வட்டம் போட்டு ஊருக்கெல்லாம் வேடிக்கை காட்டும் பருந்து இல்லை இது. தலையும் கழுத்தும் சாம்பல் நிறம், முதுகும் சிறகும் கரும்பழுப்பு, வயிறும் தொடையும் வெள்ளை. வெளுத்த வேட்டிக்கு மேலே பழைய கோட்டு போட்ட பெரிய மனிதரைப் போல இருக்கும். வெள்ளை வாலின் நுனியில் மட்டும் மைக்கூட்டில் தோய்த்தெடுத்தது போல ஒரு கறுப்புப் பட்டை. கண் மஞ்சள். அது என்னைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், நேற்று போட்ட கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். குரல்தான் அந்தக் கம்பீரத்துக்குப் பொருந்தாது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரோ சிரிக்கப் பார்ப்பது போல இருக்கும்.

அந்த வருஷம் என் மனைவி முதல் பிள்ளையை உண்டாகியிருந்தாள். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, மீன்தான். டவுன் மீன் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் அதுவே கருவாடாகிவிடும் என்பதால், நேராகக் கருவாட்டையே வாங்கிவிடுவோம். ஒரு வெள்ளிக்கிழமை அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏங்க, இந்த வாடையே ஆகல எனக்கு. புளி கரைச்சு ஊத்தி ஒரு விரால் குழம்பு சாப்பிட்டா போதும். வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

வாசலில் ஏதோ கேட்க வந்து நின்ற, ஆட்களை மேய்க்கும் மண்டோர் காதில் அது விழுந்துவிட்டது.

"நம்ம குளத்துல இல்லாத விராலாம்மா? சாயங்காலம் ஒண்ணு புடிச்சுக் கொடுத்துர்றேன்."

நான் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். நாற்காலியில் அவ்வளவு நன்றாகச் சும்மா இருக்கத் தெரிந்தவன், அன்று பார்த்து மார்பை நிமிர்த்தினேன்.

"வேண்டாம் மண்டோரே. என் வீட்டுக்கு நான் புடிப்பேன்."

மண்டோர் என் கையைப் பார்த்தார். பேனா பிடித்துப் பிடித்து வளைந்த விரலைப் பார்த்தார். "சரிங்க கிராணி ஐயா," என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவர் தோள் குலுங்கியது.

தினமும் சாயங்காலம் தூண்டிலோடு குளத்தங்கரைக்குப் போனேன். முதலில் என் தொப்பியைப் பிடித்தேன். பிறகு ஒரு புதரைப் பிடித்தேன். அது கனத்தபோது பெரிய மீன் என்று நினைத்து வெகுநேரம் போராடினேன். கடைசியில் என் கால்சட்டையையே பிடித்தேன். விரால்கள் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிவிட்டுப் போயின. என் எதிரிலேயே பருந்து கிளையிலிருந்து சரிந்து, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, அக்கரையில் உயரமான மரத்தில் விறகுக்கட்டு போலிருந்த தன் கூட்டுக்குப் போகும்.

ஒருநாள் என் மனைவியும் கூட வந்து அதைப் பார்த்தாள்.

"அது பொண்டாட்டிக்கு அது கொண்டுபோவுது," என்றாள். "நானும்தான் ஒருத்தரக் கட்டிக்கிட்டேன்."

இதற்கு மேல் பொறுக்க முடியுமா? மீன் சிக்காததற்குக் காரணம் என் கை அல்ல, பருந்துதான் என்று தீர்ப்புச் சொன்னேன். அதை விரட்டினால் மீனெல்லாம் எனக்கு. ரப்பர் மரத்தில் ஒடித்த இரண்டு கித்தாக் கம்புகளைக் குறுக்காகக் கட்டி, லாலாங் புல்லைத் திணித்து, என்னிடமிருந்த ஒரே கோட்டை மாட்டி, மேலே என் தொப்பியை வைத்து, குளத்தின் ஓரச் சேற்றில் ஒரு பொம்மையை நட்டேன்.

"ஆடுதே," என்றாள் மனைவி.

"நிக்கும்."

"உங்கள மாதிரியே இருக்கு. ஒரு வேலையும் செய்யாம நிக்குது."

அதற்கு அடுத்த நாட்களில் ஆட்கள் விடியற்காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு நேரத்தோடு வந்தார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை மண்டோர் வீட்டுக்கே வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கிராணி ஐயா, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"ஏன் மண்டோரே?"

"மூணு நாளா குளத்தங்கரையில இருட்டோட நிக்கிறீங்க. போற ஆளுங்க எல்லாம் பயந்துபோய் சலாம் வைக்கிறாங்க. நானும் வச்சேன். திரும்பிக்கூடப் பாக்கல லா."

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பில் ஒரு பாத்திரம் உருண்டது. நான் பத்து வருஷமாகக் கத்தியும் வராத மரியாதையை என் கோட்டு மூன்று நாளில் வாங்கிவிட்டது. மண்டோருக்குப் பொம்மையைக் காட்ட மூவருமாகக் குளத்துக்குப் போனோம்.

பொம்மையின் தொப்பிமேல் பருந்து உட்கார்ந்திருந்தது.

பட்ட கிளையைவிட இந்த இடம் அதற்கு வசதி. தண்ணீர் காலடியிலேயே இருந்தது. அது தலையைச் சாய்த்தது, இறங்கியது, சிறகு நுனி நனைய ஒரு பெரிய விராலைத் தூக்கியது. கனம் தாங்காமல் கூட்டுக்குப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் இளைப்பாறலாம் என்று மறுபடி தொப்பிமேலேயே வந்து உட்கார்ந்தது.

நான் நட்ட கம்பு எவ்வளவு தாங்கும்? மெல்ல முன்னால் சாய்ந்தது, பெரியவருக்கு வணக்கம் சொல்வது போல. பிறகு மடாரென்று கரைப்பக்கம் விழுந்தது. பருந்து தன் தண்ணீர்ச் சிரிப்பைச் சிரித்துவிட்டு, மீனை நழுவவிட்டு வெறுங்காலோடு மேலே போனது. கோட்டுக்குள்ளே ஏதோ துள்ளியது. கீழே கிடந்த என் கோட்டு, கையை ஆட்டி ஆட்டி உதவி கேட்டது.

நான் அதன்மேல் பாய்ந்து படுத்தேன். அன்று நான் செய்த ஒரே வேலை அதுதான், ஆனால் நன்றாகச் செய்தேன்.

மத்தியானம் அவள் விரால் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். மண்டோர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

"பாவங்க அது, வெறுங்கையோட வீட்டுக்குப் போயிருக்கும். என்ன பேச்சு வாங்குச்சோ."

"எனக்குத் தெரியும்," என்றேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அது வேறொரு மீனோடு கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தொப்பியை எடுத்து வந்தேன். வழுக்குகிற விராலையும் நழுவவிடாத அந்த நகங்கள் துணியில் போட்டிருந்த ஓட்டைகள் வழியாக, பிறகு பல வருஷம் என் தலைக்கு நல்ல காற்று வந்தது.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். எத்தனை துவைத்தும் வாசம் போகவில்லை. கோயில் வாசலில் ஒரு பூனை என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. என் மனைவி குழந்தையின் காதில், எனக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"பாத்தியா, பூனைக்குக்கூடத் தெரியுது, உங்கப்பா எவ்வளவு பெரிய மீன்காரருன்னு."