உதியன்குளங்கரையில் மைக் பிடித்த கதை

காலை ஐந்து மணிக்கு ஒலிப்பதிவு வேனில் நாகர்கோவிலை விட்டுப் புறப்பட்டோம். பாறசாலைக்கு இருபத்துமூன்று மைல். எங்கள் வேனுக்கு அது நாற்பது மைலுக்குச் சமம். சினிமாவில் என் பெயர் எங்கும் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடிகர்கள் பேசும்போது அவர்கள் தலைக்கு மேலே, படத்தில் தெரியாதபடி, நீண்ட மூங்கில் கழியில் மைக்கைத் தொங்கவிட்டுப் பிடிக்கிறவன் நான். அந்தக் கழியை பூம் என்போம். என் மேலதிகாரி ஒலிப்பதிவாளர் வரதன். அவர் வேனுக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பார், படப்பிடிப்பின்போது கைச்சைகையாலேயே திட்டுவார்.

குழித்துறையில் நிறுத்தி ஆளுக்கொரு சாயா குடித்தோம். ஓரணா. தமிழ்த் தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி ஊருக்கு ஊர் ஊர்வலம் நடக்கிற சமயம். எந்த வளைவில் எது எதிர்ப்படும் என்று சொல்வதற்கில்லை என்று டிரைவர் இசக்கி வழியெல்லாம் பயமுறுத்திக்கொண்டே வந்தார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஏழேகாலுக்குப் பாறசாலையைத் தாண்டினோம். அங்கிருந்து சுமார் இரண்டு மைலில் உதியன்குளங்கரை. சாலை அங்கே செம்மண் மேட்டைக் குடைந்துகொண்டு போகிறது. மேட்டின் மேல் மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டம், தோட்டத்து முகப்பில் ஒரு பெரிய பலாமரம், அதன் கீழ் எங்கள் காமிரா. மண்ணின் சிவப்பும் இலையின் பச்சையும் கண்ணை விட்டுப் போக மறுக்கின்றன. சென்னையில் இந்தப் பச்சையைப் பெயிண்ட் அடித்துத்தான் பார்த்திருக்கிறேன்.

படம் இரண்டு மொழிகளில் தயாராகிறது. தமிழ்ப் பகுதியை வேறு நடிகையை வைத்து ஸ்டூடியோவிலேயே முடித்தாயிற்று. மலையாளத்தில் தாயாக நடிப்பவர் பெருங்கடவிளையைச் சேர்ந்த நாடக நடிகை கார்த்தியாயினியம்மா. கப்பலேறப் போகும் மகனிடம் நாலே வாக்கியம் பேச வேண்டும். அம்மா அதை ஒத்திகையில் மூச்சோடு மூச்சாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. படம் எடுக்கும் முதலாளிக்கு மட்டும் அது காதில் விழவில்லை. உரக்கப் பேசச் சொன்னார். மகனை அனுப்பும் தாய் ஊரைக் கூட்டியா பேசுவாள் என்று அம்மா கேட்டார். அப்படியானால் உதட்டை மட்டும் அசைத்தால் போதும், சென்னையில் வேறொருத்தி குரலை ஒட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு முதலாளி குடைக்கடியில் போய் உட்கார்ந்தார். காலையில் பதிவாகாவிட்டால் அதுதான் முடிவு.

அம்மா என்னிடம் வந்து மைக்கைக் காட்டினார். "சாரே, எனக்க ஒச்சை அதுல விழுமா?" குரலை அங்கே ஒச்சை என்பார்கள்.

என்னிடம் இரண்டு மைக் இருந்தன. ஒன்று முரடு. காற்று அடித்தாலும் கவலைப்படாது, ஆனால் மெல்லிய குரலைத் தகரமாக்கிவிடும். மற்றது ரிப்பன் மைக். குரலின் ஈரம்கூட அதில் பதியும். ஆனால் லேசான காற்றுப் பட்டாலே உறுமும். அதற்கு முன்னும் பின்னும்தான் காது, பக்கவாட்டில் செவிடு. நேர்கீழே பார்க்கப் பிடித்தால் அம்மாவின் வாய் கேட்கும், மேலே பலாமரம் கேட்கும், பக்கத்துச் சாலை பெரும்பாலும் கேட்காது. கடல் ஆறேழு மைல்தான். பத்து மணிக்கு மேல் காற்று எழும் என்று தோட்டக்காரர் சொன்னார். அதற்குள் முடித்தாக வேண்டும். விழும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ரிப்பனை எடுத்தேன்.

நிழல் முகத்தில் விழாமல், தலைக்கு மேல் ஒன்றரை முழத்தில், நெற்றிக்குச் சற்று முன்னால் மைக்கை நிறுத்தவே ஒன்பதரை ஆகிவிட்டது. காக்கைகளை விரட்ட ஓர் ஆளை மரத்தில் ஏற்றினோம். அப்போது சாலையில் தமிழ்த் தாலுகா ஊர்வலத்தின் கோஷம் கேட்டது. இருநூறு பேர் இருக்கும். செவிட்டுப் பக்கம் என்று நான் தைரியமாக இருந்தேன். செம்மண் மேடு அந்தக் கோஷத்தைத் திருப்பி மரத்தில் அடித்து என் மைக்கின் தலையில் இறக்கியது. வரதன் வேனிலிருந்து இரண்டு கையையும் விரித்தார்.

கழியை வைத்துவிட்டு இறங்கி ஓடினேன். முன்னால் வந்தவர் தங்கப்பன், அந்த ஊர் ஜங்ஷனில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஐந்து நிமிஷம் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த அம்மாவின் குரலைப் படத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தப் பாஷையாக்கும் படம்?" என்றார்.

தமிழ் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அவர்கள் கையிலிருந்த கொடியைப் பார்த்தபின் அந்த மொழியின் பெயரால் பொய் சொல்ல வரவில்லை. மலையாளம் என்றேன். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. தங்கப்பன் மேட்டின் மேல் நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நமக்கு சர்க்காருகிட்டயாக்கும் வழக்கு. அந்த அம்மைகிட்ட என்ன வழக்கு?" என்றவர், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "மக்கா, எல்லாரும் மிண்டாம இரிங்க."

இருநூறு பேரும் வாயை மூடிக்கொண்டு அப்படியே சாலையில் உட்கார்ந்தார்கள். மேலே ஓடிக் கழியைத் தூக்கினேன். காமிரா ஓடியது, அம்மா முதல் வாக்கியத்தைச் சொன்னார். வரதனின் கை உயர்ந்தது. ஏதோ படபடக்கிறது என்று சைகை காட்டினார். காற்று எழத் தொடங்கிவிட்டது, படபடத்தவை கொடிகள். போராட வந்தவர்களிடம் கொடியை மடக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலேயே நின்று, கையைச் சுருட்டிக் காட்டினேன். தங்கப்பன் தலையைத் தூக்கித் தம் கொடியைப் பார்த்தார். பிறகு அதைக் கம்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வரிசையாக எல்லாக் கொடிகளும் சுருண்டன.

அம்மா நாலு வாக்கியத்தையும் சொன்னார், அதே மூச்சில். வரதன் தலையசைத்ததும் நான் கழியை இறக்கினேன். ஊர்வலம் எழுந்து, தோட்டத்தைத் தாண்டும்வரை வாய் திறக்காமல் போயிற்று. முதலாளி குடையை மடக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். வேறு குரல் என்ற பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பப் புறப்பட்டோம். எங்கள் ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரிந்து, காவல்காரர் கத்தி, கதவைச் சாத்திய பிறகும் யாராவது ஒருவர் தும்முவார். அதை நினைத்துக்கொண்டே சைக்கிள் கடை முன் வேனை நிறுத்தச் சொன்னேன். தங்கப்பன் ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மை பேசினது விழுந்துதா?"

விழுந்தது என்றேன்.

"எங்களுக்க ஒச்சை?"

ஒரு துளிகூட இல்லை என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"சாயங்காலம் காட்டாக்கடையில கூட்டம் உண்டு. அது கேக்கணுமெங்கி அங்க வாருங்க."

இசக்கி வேனை நாகர்கோவில் பக்கம் திருப்பப் போனார். நான் அவர் தோளைத் தொட்டு, காட்டாக்கடைக்கு எத்தனை மைல் என்று கேட்டேன்.